குப்பைத் தொட்டியில் ஒரு நத்தை

காணாமல் போன நகையைத் தேடித் தருவார்கள். ஓடிப் போன மாப்பிள்ளையைத் தேடித் தருவார்கள். ஒன்றரை டன் குப்பை அதிகமாக வந்து சேர்ந்துவிட்டது, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று யாராவது துப்பறிகிறவர்களைக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டார்களே! மோசஸ் கும்மிடிப்பூண்டி ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டே அதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

"மேடம், ஒரு டவுட்டு. கண்டுபுடிச்சுக் குடுத்தா ஃபீஸுக்குப் பதிலா அந்தக் குப்பையவே நம்ம தலைல கட்டிருவாங்களா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா," என்றாள் அம்புஜவல்லி. "உன்னைக் கட்டிண்டு அழறேனே, அதைவிடவா?"

அம்புஜவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. மணவாள நகரில் வீடு. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, கவிழ்ந்த லாரியையும் எரிந்த குடோனையும் பார்த்துப் பார்த்து, மனிதன் எத்தனை விதமாகப் பொய் சொல்வான் என்பதைக் கரைத்துக் குடித்தவள். விருப்ப ஓய்வு வாங்கிய மறுநாளே 'இங்கு துப்பறியப்படும்' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டாள். மோசஸ் மீஞ்சூர்க்காரன். முப்பத்து நாலு வயது. கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் அவளைச் சவாரி ஏற்றினான். ஐந்து வருஷமாக இன்னும் இறக்கிவிடவில்லை. அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்று பேசும், இல்லையென்றால் மெல்லும்.

தொழிற்சாலை வாசலில் அக்னி நட்சத்திர வெயில் சுள்ளென்று அடித்தது. காவலாளி ஆதிநாராயணன் கூண்டுக்குள் இருந்து ஒரு நோட்டை நீட்டினார்.

"பேரு எழுதிட்டுப் போ நைனா."

"பையைப் பாக்கலையாண்ணே? உள்ள பாம் வெச்சிருக்கப் போறேன்."

"உள்ள போற பையை இன்னாத்துக்குப் பாக்கணும்? வெளிய வர்றப்பதான் பாப்பேன். ஒரு நட்டு தாண்டாது, ஒரு டேப்பு தாண்டாது. பதினாறு வருஷ சர்வீஸு!" மார்பைத் தட்டிக்கொண்டார். "எது வெளிய போனாலும் சீட்டு வேணும். திரும்பி வர்ற சாமானுக்குச் சிகப்புச் சீட்டு. திரும்பி வராத சாமானுக்கு மஞ்சச் சீட்டு. அவ்ளோதான் சட்டம்."

"என் பைல இட்லி இருக்கு. வயித்துல போட்டுகினு வெளிய வந்தா இன்னா கலரு?"

ஆதிநாராயணன் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். மனிதர் அப்படிப்பட்ட கடமை வீரர்.

அதற்குள் அவர்களைக் கூப்பிட்டிருந்த மைத்ரேயி ஓடி வந்துவிட்டாள். இருபத்தெட்டு வயது இன்ஜினீயர். திருவள்ளூர்க் கோயில் கைங்கரியத்தில் இருக்கும், அம்புஜவல்லிக்குத் தெரிந்த ஜகந்நாதனின் பெண். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கண்ணில் இரண்டு நாள் தூக்கமின்மை.

"மாமி, நல்ல வேளை வந்தேள். நாலு மணிக்கு ஹெலன் வந்துடுவா. அதுக்குள்ள பதில் கிடைக்கலேன்னா என் கதை முடிஞ்சது."

"முதல்லேந்து சொல்லு. இவனுக்கும் புரியறாப்பல சொல்லு."

மைத்ரேயி அவர்களை உள்ளே கூட்டிப் போனாள். மோசஸுக்கு வாய் பிளந்துவிட்டது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. காற்றாலை இறக்கை. அறுபது மீட்டர்.

"ரெக்கையே இவ்ளோ நீளம்னா, இது போடற முட்டையை எந்தத் தோசைக்கல்லுல ஊத்தறது?"

யாரும் சிரிக்கவில்லை. மோசஸ் அதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். கண்ணாடி நாரால் நெய்த துணியைத் துண்டு துண்டாக வெட்டி, பெரிய அச்சுக்குள் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் வலையையும் தாளையும் போர்த்தி, காற்றை உறிஞ்சி, ரெசினைப் பாய்ச்சினால் இறக்கை தயார். ஊருக்கெல்லாம் சுத்தமான மின்சாரம் கொடுக்கிற இறக்கைதான். ஆனால் அதைச் செய்யும்போது கழிகிற துணியும் தாளும் வலையும் மக்காது, மண்ணாகாது. மாதம் பதினெட்டு டன் கழிந்துகொண்டிருந்தது. மைத்ரேயி ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வெட்டும் முறையையே மாற்றினாள். நல்ல டெய்லர் ஒரு மீட்டரில் ரவிக்கையும் தைத்து, மிச்சத்தில் ஒரு கைப்பைக்கும் துணி எடுக்கிற மாதிரி. பிளாஸ்டிக் வலையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்தாள். அப்படியும் மிஞ்சுவதை ஒரு துண்டு விடாமல் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிக்க அனுப்பினாள். குப்பை பன்னிரண்டு டன்னுக்கு இறங்கியது.

"மூணு மாசம் பன்னெண்டு. இந்த மாசம் திடீர்னு பதிமூணரை!" என்றாள் மைத்ரேயி. "இறக்கை வாங்கற கம்பெனிலேந்து ஹெலன் வரா. பன்னெண்டைத் தாண்டினா என் முறை பொய்யின்னு ஆயிடும். பழையபடி பதினெட்டு டன். நானும் ஆத்துக்குப் போக வேண்டியதுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆலை மேலாளர் பாக்கியநாதன். சட்டைப் பையில் நாலு பேனா, நெற்றியில் நாலு கோடு. "கம்ப்யூட்டர்ல படம் போட்டா குப்பை குறையுமாம்மா? வெட்றவனுங்க தப்புத் தப்பா வெட்டித் தொட்டில போடறானுங்க. இந்தக் கைதான் பத்து வருஷம் கட்டிங் செக்‌ஷன்ல ஒவ்வொரு துண்டா மார்க் பண்ணிச்சு. இப்ப மெஷின் லேபிள் ஒட்டுது. அப்புறம் எப்படி விளங்கும்?"

பார்வையாளர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தமிழில் ஒரே எழுத்து, 'பா'. அதைச் சுற்றி ஒரு வட்டம். அம்புஜவல்லி அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"குப்பையைக் காட்டு," என்றாள்.

குப்பைக் கொட்டகை சிமெண்ட் தரையும் தகரக் கூரையுமாகக் கூடத்தின் பின்னால் இருந்தது. வரிசையாக ஆள் உயரத் தொட்டிகள். அன்று காலை நிரம்பிய தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னாள். யாரும் இல்லாததால் மோசஸ் கவிழ்த்தான். கவிழ்த்த இரண்டாவது நிமிஷம் முழங்கை அரிக்க ஆரம்பித்தது. நான்காவது நிமிஷம் முதுகு.

"ஐயய்யோ, இன்னா மேடம் இது, காஞ்சொறி மாதிரி பிடுங்குது!"

"கண்ணாடி நார். தோல்ல குத்தும்," என்றாள் மைத்ரேயி. "குளிச்சாப் போயிடும்."

"குளிக்கறதுக்குள்ள நானே போயிடுவேன் போலக்கீது."

அப்போதுதான் துணிக் குவியலிலிருந்து ஏதோ ஒன்று உருண்டு வந்து அவன் செருப்பில் முட்டி நின்றது. எலுமிச்சம்பழ அளவு. பழுப்பு நிறம். சுருள் சுருளாக ஓடு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நத்தை.

அம்புஜவல்லியின் முகம் தீபாவளி மாதிரி மலர்ந்தது. "ஏண்டிம்மா மைத்ரேயி, உங்க கூடத்துக்குள்ள தண்ணி பாட்டில் கொண்டு வரலாமோ?"

"கூடவே கூடாது மாமி. துணில ஈரம் பட்டா இறக்கை வீண். காத்துல இருக்கற ஈரத்தைக்கூட மெஷின் வெச்சு உறிஞ்சறோம்."

"அப்படின்னா இது எப்படி வந்தது?"

"நடந்துதான் மேடம்," என்றான் மோசஸ். "போன தை மாசம் ஊட்ல சொல்லிகினு கெளம்பியிருக்கும்."

சொல்லிவிட்டு நத்தையைக் கையில் எடுத்துத் திருப்பினான். சிரிப்பு நின்றது. மீஞ்சூர் ஏரிக்கரையில் வளர்ந்தவன் அல்லவா? "மேடம், இது வாயை மூடிக்கினு கீது. கோடைல தண்ணி வத்தினா சேத்துக்குள்ள பூந்து, இப்படிக் கதவைச் சாத்திக்கினு மழை வர்ற வரைக்கும் தூங்கும். இது நடந்து வரல. தூக்கத்துல யாரோ தூக்கிகினு வந்திருக்காங்க. ஏரிச் சேத்தோட."

அம்புஜவல்லி குவியலைக் குடையின் நுனியால் கிளறினாள். மேலே பளிச்சென்று வெள்ளைத் துண்டுகள். நடுவே காய்ந்த சேறு ஒட்டிய பழுப்புத் துண்டுகள், ஒன்றில் கோரைப்புல் வேர் பின்னிக் கிடந்தது. ஒரு சேற்றுத் துண்டை உதறிப் பார்த்து, அதையும் மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"இந்தக் குப்பை இங்கே உண்டாகலை. வெளியிலேந்து வந்திருக்கு. உள்ளேந்து திருடறவாளைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். வெளியிலேந்து கொண்டு வந்து உள்ளே போடற திருடனை இன்னிக்குத்தான் பாக்கப் போறேன்!"

"லாரியா இருக்குமா?" என்றான் மோசஸ்.

மைத்ரேயி இல்லை என்று தலையாட்டினாள். குப்பை லாரி காலியாக வரும், எடை போட்டு உள்ளே விடுவார்கள், எடை போட்டு வெளியே அனுப்புவார்கள், கேமரா வேறு இருக்கிறது. அந்த வழி அடைபட்டது. மணி பன்னிரண்டரை ஆயிற்று. மைத்ரேயி நகத்தைக் கடித்தாள். மோசஸுக்கு நகம் போதாது, கேண்டீனுக்குப் போனான்.

அங்கே கூட்டிப் பெருக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த அஞ்சம்மாள், முன்பின் தெரியாத மோசஸ் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"புதுசா தம்பி? தேங்காண்ணெ தடவிகினு வரணும். எங்க ஊர்ல நாத்து நட்டுட்டு வர்ற பொம்பளைங்க காலெல்லாம் இப்படித்தான் அரிக்கும்."

"நாத்து நட்டா ஏன்க்கா அரிக்குது?"

அஞ்சம்மாள் பதில் சொல்லாமல் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றில் ஒரு பங்கை அவன் பக்கம் தள்ளினாள். குழம்பு வாயில் பட்டதும் மோசஸுக்குக் கேள்வி மறந்துவிட்டது. ஆனால் கண் மறக்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கியிருந்தது.

"மேடம், மனசே ஆறல."

"என்னடா?"

"ஒவ்வொரு அம்மாகிட்டயும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை கீது மேடம். எவ்ளோ பெருசு! ஒரு குடும்பமே உள்ள குந்தலாம். சரி, பிரியாணி கிரியாணி இருக்கும்னு பாத்தா, உள்ள இவ்ளூண்டு டப்பா. ஒரு டப்பாவுக்கு இன்னாத்துக்கு மேடம் அவ்ளோ பெரிய பை?"

அம்புஜவல்லி குடையைத் தரையில் தட்டினாள். "அப்படிச் சொல்லுடா என் ராஜா! காலம்பற வரும்போது அந்தப் பைல வேற என்ன இருந்தது? ஆதிநாராயணனுக்குத் தெரியாது. வெளியே வர பையைத்தான் அவர் பாப்பார். அடுத்த ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?"

"ரெண்டுக்கு," என்றாள் மைத்ரேயி.

"வா, ஒளிஞ்சுக்கலாம்."

ஐம்பத்தெட்டு வயது மாமியும் முப்பத்து நாலு வயது மோசஸும் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த காட்சியை அந்தத் தகரக் கொட்டகை அதற்கு முன் கண்டிருக்காது. அவனுக்கு முதுகு, கழுத்து, காதுமடல் எல்லாம் அரித்தது. சொறிந்தால் சத்தம் கேட்கும் என்று அம்புஜவல்லி கண்ணை உருட்டினாள். பாவம், அந்தப் பத்து நிமிஷம் அவனுக்குப் பத்து வருஷம்.

மணி இரண்டு அடித்தது. வாசல் பக்கம் ஆதிநாராயணனின் குரல் கேட்டது: "வாங்கம்மா வாங்க, போங்க போங்க." பன்னிரண்டு பெண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த அஞ்சம்மாள் கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள்.

"பூமிகா, நீ மூணாவது தொட்டி. ஒரேதா ஒண்ணுல கொட்டாதீங்க, கண்டுபுடிச்சுருவாங்க."

முதல் பை கவிழ்ந்தது. சேறும் துணியும் பொத்தென்று விழுந்தன. தூசு கிளம்பியது. மோசஸுக்கு மூக்கில் ஏறியது. அவன் மூக்கைப் பிடித்தான், வாயைப் பொத்தினான், கர்த்தரை வேண்டினான். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஹ்ஹாஆச்ச்!"

பன்னிரண்டு பைகளும் அப்படியே நின்றன.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் மைத்ரேயியையும் ஆதிநாராயணனையும் கூட்டிக்கொண்டு பாக்கியநாதன் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். "ஊர்க் குப்பையைக் கம்பெனில கொட்றீங்களா? எவ்வளவு கொழுப்பு! ஆதிநாராயணன், எல்லாரையும் வெளியே அனுப்புங்க. நாளைலேருந்து ஒருத்தரும் வேலைக்கு வர வேண்டாம்!"

பூமிகா அழுதுவிட்டாள். அஞ்சம்மாள் அழவில்லை. ஹெல்மெட் போட்டிருந்த மைத்ரேயியைக் கை காட்டினாள்.

"இந்தப் பொண்ணுதான் சார் சொன்னுச்சு."

"நானா?" மைத்ரேயி திடுக்கிட்டாள்.

"நீதாம்மா. போன மாசக் கடைசில மீட்டிங் போட்டு இன்னா சொன்னே? 'இனிமே நம்ம கம்பெனித் துண்டு ஒண்ணுகூட மண்ணுல கெடக்கக்கூடாது. எங்க கெடந்தாலும் எடுத்துகினு வந்து தொட்டில போடுங்க, சூளைக்குப் போயிரும்'னு சொன்னியே? நாங்க கை தட்டினோமே? எங்க ஊர்த் தாங்கல்ல, எங்க ஏரில, மலை மாதிரி கெடந்துச்சு. நீ சொன்ன மறு வாரமே எடுக்க ஆரம்பிச்சோம். ஆளுக்குக் கொஞ்சம், சாப்பாட்டுப் பையோட."

மைத்ரேயி ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஒரு மாதமாக அவள் உயிரை எடுத்த குப்பை, அவள் வாயிலிருந்து புறப்பட்ட குப்பை!

"கதை விடாதே," என்று பாக்கியநாதன் கத்தினார். "உங்க ஊர் ஏரில கம்பெனித் துணி எப்படி வரும்? எவனோ பிளாஸ்டிக் தொட்டி செய்யறவன் கொட்டியிருப்பான். நம்ம துணியே இல்ல அது."

"ஒரு நிமிஷம்," என்றாள் அம்புஜவல்லி.

கைப்பையைத் திறந்து சேற்றுத் துண்டை எடுத்தாள். மோசஸ் கேண்டீனிலிருந்து கொண்டு வந்திருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, நிதானமாக அதன் மேல் ஊற்றித் தேய்த்தாள். பழுப்பு வழிந்தது. துணி மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய ஓர் எண் தெரிந்தது. பக்கத்தில் நீல நிறத்தில் ஓர் எழுத்து. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பார்வையாளர் சீட்டையும் எடுத்துத் துணிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

'பா'. 'பா'.

ஆதிநாராயணன் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க கையெழுத்து ரொம்ப அழகு சார். இத்தனை வருஷமா சேத்துல கெடந்தும் அழியல," என்றார். வெள்ளை மனசுக்காரர். பாராட்டத்தான் சொன்னார்.

மோசஸால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவனைப் பார்த்து பூமிகா அழுகைக்கு நடுவே களுக்கென்றாள். அது ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாக்கியநாதன் மட்டும் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நெற்றிக் கோடுகள் நாலும் தளர்ந்துபோயின.

"அப்போ காண்ட்ராக்டர் ஒருத்தன் எடுத்துட்டுப் போவான்," என்றார் மெதுவாக. "எங்கே கொட்றேன்னு நான் கேட்டதில்லை. மஞ்சள் சீட்டு போட்டு அனுப்பினேன். திரும்பி வராத சாமான்னு."

"நீங்க கேக்கல சார்," என்றாள் அஞ்சம்மாள். "எங்க காலுக்குத்தான் தெரிஞ்சுது. சேத்துல எறங்கினா ராத்திரி பூரா அரிப்பு. மாடு அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குது. உங்களாண்ட சொன்னா பையைப் பாத்து நிறுத்திருவீங்கன்னு பயந்துகினு கம்முனு இருந்தோம். பேஜாரு வாணாம்னு பாத்தோம், இந்தப் பொண்ணுக்கே பேஜாராப் போச்சு."

கொட்டியதைத் திரும்ப அள்ளிப் பைக்குள் போட்டு, பன்னிரண்டு பைகளையும் தராசில் ஏற்றச் சொன்னாள் அம்புஜவல்லி. முப்பது கிலோ. மோசஸ் விரலை மடக்கினான். காலை ஷிஃப்ட்டில் இதே அளவு, ஆக ஒரு நாளைக்கு அறுபது. மாதம் இருபத்தைந்து வேலை நாள். ஒன்றரை டன்!

"ஒரு கிலோ பிசகல மேடம்! இவங்க சாப்பாட்டுப் பையில தூக்கிகினு வந்தது ஒரு லாரி லோடு!"

மைத்ரேயியின் கண்ணில் ஒரே நிமிஷத்தில் மழையும் வெயிலும் அடித்தன. பதிமூன்றரையில் ஒன்றரை போனால் பன்னிரண்டு. அவள் முறை பொய்யில்லை. அஞ்சம்மாளைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட பிறகுதான் தனக்கும் அரிக்கும் என்று நினைவு வந்தது.

பாக்கியநாதன் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மைத்ரேயி, நல்லதாப் போச்சு. ஹெலன்கிட்ட தராசு ரிப்பேர்னு சொல்லிடுவோம். பன்னிரண்டுன்னு எழுதிக்கலாம், அது உண்மைதானே? உன் வேலையும் நிக்கும், திட்டமும் நிக்கும். ஏரி கதையை எதுக்கு இழுக்கணும்? அதைச் சொன்னா இருக்கிற ஆர்டரும் போயிடும்."

சரியான பேரம். மோசஸே ஒரு கணம் 'அட, ஆமாம்ல' என்று நினைத்துவிட்டான். மைத்ரேயி அம்புஜவல்லியைப் பார்த்தாள். அம்புஜவல்லி கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். துப்பறிவது வரைதான் அவள் வேலை.

மைத்ரேயி மோசஸ் பக்கம் கையை நீட்டினாள். "அந்த நத்தையைக் குடுங்கோ."

நாலு மணிக்கு ஹெலன் வந்தாள். ஆறடி உயரம், வெயிலில் தக்காளி நிறம். மைத்ரேயி அவளை நேராகக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். இரண்டு குவியல். ஒன்று வெள்ளை, ஒன்று சேறு. சேற்றுக் குவியலின் உச்சியில் நத்தை கொலுவிருந்தது. மைத்ரேயி எல்லாவற்றையும் சொன்னாள். தாங்கல், மஞ்சள் சீட்டு, கட்டைப்பை, ஒன்றையும் விடவில்லை. பாக்கியநாதன் மேலே பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஹெலன் இரண்டு குவியலையும் சுற்றி வந்தாள். குனிந்து நத்தையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அஞ்சம்மாளிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"ஏரில இன்னும் எவ்வளவு இருக்குன்னு கேக்கறா," என்றாள் மைத்ரேயி.

"இப்படியே தூக்கினா இன்னும் அஞ்சாறு வருஷம் ஆவும்னு சொல்லும்மா. ஆனா நாங்க தூக்கிருவோம். எங்க ஏரி அது."

அதைக் கேட்டதும் ஹெலன் சிரித்தாள் பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. பேனாவை எடுத்தாள். மைத்ரேயியின் தாளில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே இன்னும் மூன்று வரி எழுதிப் பாக்கியநாதனிடம் நீட்டினாள். ஏரி சுத்தமாக வேண்டும், பையில் அல்ல, லாரியில். அந்த எடை தனியாக எழுதப்பட வேண்டும். அஞ்சம்மாளும் அவள் ஆட்களும்தான் அதை மேற்பார்வை பார்க்க வேண்டும். அப்படியானால் ஆர்டர் நிற்கும்.

பாக்கியநாதன் இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். 'பா'. வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கார் வாசலில் நின்றது. ஆதிநாராயணன் சட்டப்படி மோசஸின் பையைத் திறந்தார். இட்லி டப்பா. தேங்காய் எண்ணெய் பாட்டில், அஞ்சம்மாள் கொடுத்தது. அடியில் நத்தை.

"இன்னா நைனா இது?"

"அந்தக்கா ஊரு ஏரில உட்டுட்டுப் போலாம்னு மேடம் சொன்னாங்கண்ணே. போற வழிதான்."

"அதெல்லாம் தெரியாது. உள்ள இருந்து வெளிய போற சாமான். சீட்டு வேணும்." ஆதிநாராயணன் இரண்டு சீட்டுக் கட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவை நக்கிக்கொண்டார். "நத்தை, ஒண்ணு. சொல்லு, சிகப்பா மஞ்சளா?"

அம்புஜவல்லி காரின் கண்ணாடியை இறக்கினாள். மோசஸ் நத்தையைப் பார்த்தான். அதன் பின்னால் தெரிந்த கொட்டகையைப் பார்த்தான்.

"சிகப்பே போடுண்ணே," என்றான். "திரும்பி வராதுன்னு இந்த வாசல்ல எழுதினா, அது வருதே."

ஆதிநாராயணன் சிகப்புச் சீட்டைக் கிழித்தார். கொடுக்கப் போனவர் நிறுத்தினார். பதினாறு வருஷ சர்வீஸில் கேட்காத கேள்வி ஒன்று அவர் வாயில் வந்து நின்றது.

"எங்க கொண்டு போய் உடப் போறே? அந்த ஊரு பேரு இன்னா? அதையும் எழுதிக்கறேன்."

மோசஸ் அஞ்சம்மாளின் ஊர்ப் பெயரைச் சொன்னான். ஆதிநாராயணன் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும் வரை, கழுத்தைச் சொறிந்துகொண்டே காத்திருந்தான்.